‘போய் வருகிறேன்’ என்று எழுதத் தெரியுமா?

நம் பள்ளிகளில் வேலைக்கு விண்ணப்பிக்கக் கற்றுத் தருகிறார்கள். அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதப் பயிற்சி கொடுக்கிறார்கள். கல்லூரிக்குப் போனால் தன்விவரக் குறிப்பு தயாரிப்பது எப்படி, நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது என்று பட்டறைகள் நடக்கின்றன. எல்லாமே வேலைக்குள் நுழைவதற்கான வழிகள். வேலையை விட்டு வெளியே வருவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஜொகூரில் வாழும் நம் இளையோருக்கு இந்தப் பாடம் மற்ற மாநிலத்தவரைவிட அவசரமாகத் தேவைப்படுகிறது. பாசிர் கூடாங், செனாய், தஞ்சோங் பெலெப்பாஸ் என்று தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் வரிசையாக இருக்கின்றன. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போவது இங்கு அன்றாடச் சங்கதி. 25 வயதுக்குள் நான்கு இடம் மாறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். மாறுவதில் தவறில்லை. எப்படி மாறுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஜொகூர் பாரு வட்டாரத் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என் மேசைக்கு வந்த விலகல்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கடிதமே இல்லாதது. சம்பளம் வங்கியில் ஏறிய மறுநாள் ஆள் வரமாட்டார். கைப்பேசி அடித்தால் எடுக்கமாட்டார். இரண்டாவது வகை, மூன்று பக்கக் குமுறல். சூப்பர்வைசர் எப்போது என்ன சொன்னார், யாருக்கு ஓவர்டைம் கொடுத்தார், யாருக்குக் கொடுக்கவில்லை என்று எல்லாம் இருக்கும். கடைசி வேலை நாள் எது என்பது மட்டும் இருக்காது. மூன்றாவது வகை, கெஞ்சல். ‘தயவுசெய்து என்னை விடுவிக்க வேண்டுகிறேன், அனுமதி தாருங்கள்’ என்று விடுப்பு விண்ணப்பம் போல எழுதியிருப்பார்கள்.

ஓடுவது, கொட்டித் தீர்ப்பது, கெஞ்சுவது ஆகிய மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: வேலையை விடுவது ஏதோ குற்றம் என்ற நினைப்பு. பணி விலகல் கடிதம் மன்னிப்புக் கடிதமும் அல்ல, குற்றப்பத்திரிகையும் அல்ல. நாம் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தை, அதில் சொன்ன முறைப்படி முடித்துக்கொள்கிறோம் என்ற அறிவிப்பு. அது நம் உரிமை. அந்த உரிமையை எழுத்தில் பயன்படுத்தத் தெரியாதவர், உரிமை இருந்தும் இல்லாதவரே.

பாட்டன் காலத்தில் இருந்ததா இந்த உரிமை?

‘ஒரு கடிதத்திற்கு இவ்வளவு பேச்சா?’ என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். இந்நாட்டுக்கு நம்மவர்களை முதலில் கொண்டுவந்தது ஒப்பந்தக் கூலிமுறை. அந்த ஒப்பந்தத்தில் இருந்தவர் தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் அது வெறும் வேலை நிறுத்தமாகக் கருதப்படவில்லை, குற்றமாகக் கருதப்பட்டது. தேடிப் பிடித்துத் தண்டிக்கச் சட்டம் இருந்தது. 1910இல்தான் அந்த முறைக்கு மலாயாவில் முடிவு கட்டினார்கள்.

பிறகு வந்தது கங்காணி முறை. ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லிவிட்டு விலகலாம் என்ற இடம் சட்டத்தில் கிடைத்தது. ஆனால் கடனும் கங்காணியின் பிடியும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், வெள்ளைக்காரத் துரையின் முன் நின்று ‘நான் ஒரு மாதத்தில் போகிறேன்’ என்று சொல்வது எத்தனை பேருக்குச் சாத்தியமாக இருந்திருக்கும்? கங்காணி முறையில் ஆள் எடுப்பது 1938இல் நின்றது.

அதே காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் உறவுகளின் நிலை இன்னும் இறுக்கம். அங்கே ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய தோட்டம் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். இவருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்பது அதன் பொருள். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் அவரோடு கூடவே போகும். துண்டு என்ற நம் தமிழ்ச் சொல் ஆங்கிலேயத் தோட்டக்காரர்களின் ஆவணங்களில் அப்படியே ஏறியது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

கவனியுங்கள். அந்தச் சீட்டை எழுதியது தொழிலாளி அல்ல, முதலாளி. தான் போவதைத் தானே எழுதிக் கொடுக்கும் நிலையில் நம் முன்னோர் இல்லை. சுதந்திரத்துக்குப் பின்னும் தோட்டத்தில் வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். பிள்ளையின் தமிழ்ப்பள்ளி, கும்பிட்ட கோயில், பக்கத்து வீட்டு உறவு எல்லாம் அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தன. ‘வேலையை விட்டுடாதே’ என்று இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் பதறுவது அந்தக் காலத்திலிருந்து வரும் பதற்றம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானது. அடுத்த ஆண்டின் பெயரைத் தாங்கி வந்தது 1955 வேலைவாய்ப்புச் சட்டம். முதலாளி தொழிலாளியை நிறுத்த எவ்வளவு கால முன்னறிவிப்பு தர வேண்டுமோ, அதே அளவு முன்னறிவிப்பைத் தொழிலாளி தந்து விலகலாம். இருவருக்கும் கால அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. துரைக்கும் கூலிக்கும் ஒரே அளவு! தாத்தாவுக்குக் கிடைக்காத அந்தச் சமத்துவம் பேரனுக்குச் சட்டத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பேரனோ கைப்பேசியை அணைத்துவிட்டு ஓடுகிறான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஜனவரி 1ஆம் தேதி முதல், தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தனியார் துறை ஊழியர்கள் அனைவரும் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். ஓவர்டைம் போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும் 4,000 ரிங்கிட் என்ற வரம்பு உண்டு. ஆகவே ‘நான் அதிகாரி, எனக்கு இந்தச் சட்டம் இல்லை’ என்று இனி சொல்ல முடியாது.

முன்னறிவிப்புக் காலம் உங்கள் நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. எழுதாவிட்டால் சட்டம் சொல்வது இது: 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம். முன்னறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். கொடுக்கும் நாளும் கணக்கில் சேரும். மார்ச் 2ஆம் தேதி 4 வார நோட்டீஸ் கொடுத்தால், 28ஆவது நாளான மார்ச் 29 உங்கள் கடைசி நாள். ஒரு மாதம் என்பதும் 4 வாரம் என்பதும் ஒன்றல்ல. உங்கள் கடிதத்தில் எது இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

உடனே போக வேண்டிய கட்டாயம் வந்தால் அதற்கும் வழி உண்டு. நம் ஊரில் ‘24 மணி நேர நோட்டீஸ்’ என்று பேசிக்கொள்வது இதைத்தான். முன்னறிவிப்புக் காலத்துக்கு ஈடான சம்பளத்தைக் கட்டிவிட்டு விலகலாம். பாதிக் காலம் வேலை செய்தால் மீதிக் காலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். இந்தத் தொகையைக் கடைசிச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் முதலாளிக்கு இடம் தருகிறது. ‘24 மணி நேரம்’ என்பது இலவசம் என்று நினைத்துக்கொண்டு, பிறகு சம்பளத்தில் வெட்டு விழுந்ததும் கொதித்துப் போனவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

சொல்லாமல் நின்றால் என்ன ஆகும்? அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல், தகவலும் சொல்லாமல், தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். அதாவது முறையாக விலகி வந்திருக்க வேண்டியவர், ஒப்பந்தம் மீறியவர் என்ற பெயரோடு கோப்பில் உட்கார்ந்துவிடுவார். நோட்டீஸ் சம்பளமும் போகும்.

முறையாக விலகுபவருக்கோ சட்டம் துணை நிற்கிறது. நோட்டீஸ் முடிந்து விலகினால், கடைசி நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நோட்டீஸுக்கு ஈடாகப் பணம் கட்டி விலகினால், 3 நாளுக்குள். சேர்ந்திருக்கும் வருடாந்திர விடுப்பைக் கடைசி நாளுக்கு முன் எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ‘கடிதத்தை ஏற்கமாட்டேன், ஆள் கிடைக்கும்வரை போகக்கூடாது’ என்று மேலாளர் சொன்னால் கலங்காதீர்கள். நீங்கள் கொடுப்பது அறிவிப்பு. ஒப்பந்தப்படி கொடுத்திருந்தால் அவருடைய கையெழுத்துக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை. கொடுத்ததற்கு ஆதாரம் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

அதே காரணத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபத்தில் கொடுத்த கடிதத்தை, மறுநாள் மனம் மாறி, முதலாளி சம்மதிக்காமல் திரும்பப் பெற முடியாது. இரவில் எழுதுங்கள், விடிந்த பிறகு இன்னொரு முறை படித்துவிட்டுக் கொடுங்கள்.

பாலத்துக்கு அப்பால்

தினமும் பாலம் கடந்து சிங்கப்பூர் போய் வருபவர்களுக்கு மலேசியச் சட்டம் செல்லாது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 1 நாள், 26 வாரம் முதல் 2 ஆண்டுக்குள் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 4 வாரம் என்பது கணக்கு. முறையாக நோட்டீஸ் கொடுத்து விலகுவதை முதலாளி மறுக்க முடியாது என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் வரி விஷயத்தையும் மறக்கக்கூடாது. வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது, பொதுவாக ஒரு மாதத்துக்கு முன்பே முதலாளி சிங்கப்பூர் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வரிக் கணக்கு முடியும்வரை ஊழியருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். ஆகவே கடைசி மாதச் சம்பளம் தாமதமாகலாம். அதை எதிர்பார்த்து வீட்டுக் கடனுக்கும் கார் தவணைக்கும் பணம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கடிதம் கொடுப்பதே புத்திசாலித்தனம். சம்பளப் பாக்கி பற்றி அங்கே புகார் செய்வதற்கும் வேலையை விட்ட நாளிலிருந்து 6 மாதம் என்ற கெடு உண்டு.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஐந்து விவரம் போதும். தேதி, யாருக்கு, எந்தப் பதவியிலிருந்து விலகுகிறேன், எவ்வளவு முன்னறிவிப்பு, கடைசி நாள் எது. பொறுப்புகளை ஒப்படைப்பேன் என்ற ஓர் உறுதியும் ஒரு நன்றியும் சேர்ந்தால் கடிதம் நிறைவாகிவிடும். நிறுவனத்தின் வழக்கப்படி மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவீர்கள். எந்த மொழியானாலும் உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

தேதி: (கொடுக்கும் நாள்)
பெறுநர்: மனிதவள மேலாளர், (நிறுவனத்தின் பெயர்)
பொருள்: பணி விலகல் முன்னறிவிப்பு

ஐயா / அம்மா,

(பிரிவின் பெயர்) பிரிவில் (பதவியின் பெயர்) பதவியில் இருக்கும் நான், அப்பதவியிலிருந்து விலகுவதை இக்கடிதத்தின் வழி தெரிவித்துக்கொள்கிறேன். என் நியமனக் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள ஒரு மாத முன்னறிவிப்புக் காலம் இன்று தொடங்குகிறது. என் கடைசி வேலை நாள் (தேதி) ஆகும். என் பொறுப்பில் உள்ள பணிகளையும் நிறுவனப் பொருள்களையும் அந்நாளுக்குள் ஒப்படைத்துவிடுவேன். எஞ்சியுள்ள வருடாந்திர விடுப்பு, கடைசிச் சம்பளம் பற்றிய விவரங்களைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கு வேலை கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி.

இப்படிக்கு,
(பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து)

காரணம் எழுத வேண்டுமா என்று கேட்பார்கள். கட்டாயமில்லை. புதிய நிறுவனத்தின் பெயரையும் புதிய சம்பளத்தையும் எழுதவே வேண்டாம். மனக்குறை இருந்தால் விலகல் நேர்காணலில் நிதானமாகச் சொல்லலாம். ஊழல், பாலியல் தொல்லை, சம்பளப் பாக்கி போன்ற பெரிய புகார் இருந்தால், அதற்குத் தனிக் கடிதம், தனித் தேதி, தனி ஆதாரம் வேண்டும். விலகல் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் புதைத்து வைத்த புகாரை யாரும் விசாரிப்பதில்லை. இது என் அனுபவம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ‘பாஸ், நான் நாளையிலிருந்து இல்லை’ என்று அனுப்பிவிட்டு அதையே நோட்டீஸ் என்று நினைக்காதீர்கள். விலகிய பிறகு ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து, கடைசி மாதச் சந்தா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அடுத்த பிப்ரவரி முடிவதற்குள் வருமான வரிக்கான இ.ஏ. பாரமும் உங்கள் கைக்கு வர வேண்டும். பழைய நிறுவனத்தோடு பேச்சே இல்லாமல் ஓடியவர் இதையெல்லாம் எந்த முகத்தோடு கேட்பார்?

எழுதக் கூடாத கடிதம்

இதுவரை எழுதச் சொன்னேன். எழுதவே கூடாத ஒரு விலகல் கடிதமும் உண்டு. மேலாளர் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ‘நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் உன் பெயருக்கு நல்லது, இல்லையென்றால் நாங்களே நீக்கிவிடுவோம்’ என்பார்கள். சில இடங்களில் கடிதம் தயாராக அச்சடித்தே இருக்கும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, அதிலும் வீட்டில் ஒற்றைச் சம்பளம் கொண்டுவரும் பிள்ளை, பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிடும். மனிதவளப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன்: அந்த அறையில் உங்களுக்கு நல்லது என்று சொல்லப்படுவது பெரும்பாலும் நிறுவனத்துக்கு நல்லது.

ஏன் தெரியுமா? சொக்சோ நடத்தும் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை இழந்தவருக்கு அது உதவித்தொகை தருகிறது. மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்தும் அதற்குப் பணம் போகிறது. ஆனால் தானாக விலகியவருக்கு அந்த உதவி கிடையாது. ஆட்குறைப்பில் போனவருக்கும் கட்டாயப்படுத்தி விலக வைக்கப்பட்டவருக்கும் உண்டு. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்குறைப்பு இழப்பீடும் அப்படித்தான். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்த ஒரு வரி, இவை எல்லாவற்றின் குறுக்கேயும் வந்து நிற்கும்.

கட்டாயத்தின் பேரில் வாங்கிய விலகலைத் தொழிலியல் நீதிமன்றம் பணிநீக்கமாகக் கருதலாம். 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் கீழ் 60 நாளுக்குள் மனு கொடுக்கவும் முடியும். ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தோளில் விழும். ஆகவே அந்த அறையில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: ‘வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்.’ கையெழுத்துப் போடாமல் வெளியே வாருங்கள். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று அன்றே குறித்து வையுங்கள். பக்கத்திலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ ஆலோசனை கேளுங்கள்.

‘விலகினால் இரண்டு ஆண்டு இதே துறையில் எங்கும் வேலை செய்யக்கூடாது’ என்ற மிரட்டலும் உண்டு. நியமனக் கடிதத்திலேயே அப்படி எழுதியிருப்பார்கள். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்று 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. கோத்தா பாருவில் ஒரு வழக்கறிஞர், வேலையை விட்டபின் 2 ஆண்டுக்கு அந்நகரின் 5 மைல் சுற்றளவில் தொழில் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். 1964இல் நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. அதற்காக, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையும் ரகசியக் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று பொருளாகாது. பயிற்சிக்காகப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதை முதலில் படித்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

எதிர்வாதம் ஒன்று

‘அவர்கள் நம்மை மதித்தார்களா, நாம் மட்டும் ஏன் முறை பார்க்க வேண்டும்?’ என்று இளையோர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கோபம்தான். சம்பளம் தராத, அடிக்கக் கை ஓங்கும் இடங்கள் இல்லையென்று சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட இடத்துக்குச் சட்டமே விதிவிலக்கு வைத்திருக்கிறது. முதலாளி வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறினால் நோட்டீஸ் இல்லாமல் விலகலாம். ஒப்பந்தத்தில் சொல்லாத வன்முறையோ நோயோ உடனடி ஆபத்தாக வந்து நின்றாலும் விலகலாம். அப்போதும்கூட, ஏன் போகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். அங்கே காரணம் எழுதுவது அவசியம். எழுதியவருக்குத்தான் நாளைக்கு வழக்கு உண்டு; ஓடியவருக்கு இல்லை.

மற்ற இடங்களில் முறை பார்ப்பது முதலாளிக்குச் செய்யும் மரியாதை என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் வேலையை அடுத்த ஷிப்டில் சேர்த்துச் செய்யப்போகிறவர் உங்களைப் போன்ற இன்னொரு தொழிலாளிதான். அடுத்த முறை நேர்முகத் தேர்வுக்கு வரும் நம் பிள்ளையைப் பார்த்து, ‘இவர்கள் சொல்லாமல் ஓடுகிறவர்கள்’ என்று ஓர் அதிகாரி நினைத்தால் அது அநியாயம். ஆனால் அப்படி நினைப்பவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஜொகூரின் தொழில் வட்டாரம் நினைப்பதைவிடச் சிறியது. பாசிர் கூடாங்கில் மேலாளராக இருந்தவர் மறு ஆண்டு செனாயில் இருப்பார்.

ஜொகூர் பாருவில் பிறந்த துன் டாக்டர் இஸ்மாயில் அப்துல் ரஹ்மானை நினைத்துப் பாருங்கள். உடல்நலக் காரணத்தால் 1967இல் அமைச்சரவையிலிருந்து விலகினார். 1969 மே மாதம் நாடு நெருக்கடியில் சிக்கியபோது அவரையே திரும்ப அழைத்தார்கள். உள்துறையைக் கையில் எடுத்தார். 1970இல் துணைப் பிரதமரானார். முறையோடு விலகியவருக்குக் கதவு திறந்தே இருந்தது. நம் வீடுகளில் வாசல் தாண்டும்போது ‘போகிறேன்’ என்று சொல்ல விடமாட்டார்கள். ‘போய் வருகிறேன்’ என்று சொல்லச் சொல்வார்கள். வேலையிடத்தில் அதைச் சொல்லும் முறைதான் விலகல் கடிதம்.

யார் கற்றுத் தருவது?

ஐந்தாம் படிவத்தை முடித்த கையோடு நம் பிள்ளைகளில் பலர் வேலைக்குப் போகிறார்கள். ஆகவே பள்ளியை விட்டு வெளியேறுமுன்பே இதைச் சொல்லித் தர வேண்டும். ஆலோசக ஆசிரியர்கள் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும்: நியமனக் கடிதத்தை எப்படிப் படிப்பது, முன்னறிவிப்பை எப்படிக் கணக்கிடுவது, எதில் கையெழுத்துப் போடக்கூடாது. இளைஞர் இயக்கங்கள் நடத்தும் வேலைவாய்ப்புப் பட்டறைகளிலும் விண்ணப்பக் கடிதத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் விலகல் கடிதத்துக்கு அரை மணி நேரம் கொடுக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை வேலையை விடப்போகிறேன் என்று வந்தால், ‘ஏன் விடுகிறாய்?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘கடிதம் கொடுத்தாயா? பிரதி எங்கே?’ என்றும் கேளுங்கள்.

இளையோரே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விடும் எண்ணமே இல்லாவிட்டாலும் பாருங்கள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், நாளைக்கே மனிதவளப் பிரிவில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வையுங்கள்.